பிரியாணிச் செம்பும் இழுவைக் கேரவனும்: எடைக் கணக்கு எப்படி இயங்குகிறது?

கொச்சி மட்டாஞ்சேரிக் கல்யாண வீட்டில் பிரியாணிச் செம்பை அடுப்பிலிருந்து நகர்த்தும் நேரத்தில் தலைமைச் சமையல்காரரான பண்டாரி மட்டும்தான் பேசுவார். செம்பின் இரண்டு காதுகளிலும் கயிறு கோத்து, நீளக் கம்பில் தொங்கவிட்டு, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோள் கொடுப்பார்கள். தூக்கியதும் முன்னால் நிற்கும் பையன் முகத்தைப் பார்த்துவிட்டு, “இக்கா, செம்பு உங்க பக்கம் இன்னும் ஒரு சாண் வரட்டும்” என்று பின்னால் நிற்பவரிடம் சொல்வார். கயிறு கம்பில் ஒரு சாண் நகரும். பையன் முகம் தெளியும். செம்பின் எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை; ஆனால் முன்தோளில் இருந்த சுமையில் ஒரு பங்கு பின்தோளுக்குப் போய்விட்டது.

காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் கேரவனின் எடைக் கணக்கு முழுவதும் இந்தக் கம்பிலும் செம்பிலும் இருக்கிறது. படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் பெரிய வண்டியைச் சொல்லவில்லை. தனக்கென்று எஞ்சின் இல்லாத, இரண்டு சக்கரத்தில் ஓடும் சின்ன வீடு இது. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி இருக்கும். சிலவற்றில் கழிப்பறையும் உண்டு.

கேரளத்தில் கேரவன் பேச்சு சூடு பிடித்தது 2021இல், மாநில அரசு ‘கேரவன் கேரளா’ என்ற சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தபோது. மறு ஆண்டே வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறந்தது. அந்தத் திட்டத்தில் ஓடுபவை பெரும்பாலும் பஸ், வேன் சேஸிகளின் மேல் கட்டப்பட்ட, தானே ஓடும் வண்டிகள். இழுவைக் கேரவன் நம் ஊரில் இன்னும் அபூர்வம். ஆனால் எடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியது அதில்தான். பஸ் சேஸி பல டன் தாங்கப் பிறந்தது. இழுவைக் கேரவனையோ ஒரு குடும்பக் கார் இழுக்க வேண்டும்.

முதலில் வெறும் செம்பு. வண்டியின் பதிவுச் சான்றிதழான ஆர்சியில் இரண்டு எண்கள் இருக்கும்: வெறும் வண்டியின் எடை, சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை. கணக்குக்கு வசதியாக ஒரு சின்ன கேரவனை எடுத்துக்கொள்வோம். வெறுமையாக 950 கிலோ, அதிகபட்சம் 1,200 கிலோ. அப்படியானால் நீங்கள் ஏற்றக்கூடியது 250 கிலோ மட்டும்தான். வண்டியைப் பார்க்கும் யாருக்கும் இது நம்ப முடியாது. உள்ளே நின்றால் அலமாரிக்கு மேல் அலமாரி, கட்டிலுக்கு அடியில் பெட்டி, மூலைக்கு மூலை இடம். இடம் இருந்தால் நம் வீடுகளில் பொருள் சும்மா இருக்காது. ஆனால் பண்டாரி செம்பின் கழுத்து வரை அரிசி போடமாட்டார். வேகும்போது அரிசி எவ்வளவு உப்பும் என்று அவருக்குத் தெரியும். கேரவனில் அலமாரி நிறைவதற்கு வெகு முன்பே எடை நிறைந்துவிடும்.

மேற்சொன்ன கணக்கில் ஐந்தில் நான்கு பங்கைச் செம்பே சாப்பிட்டுவிடுவதைக் கவனியுங்கள். மட்டாஞ்சேரி ஜூ டவுனின் பழம்பொருள் கடை ஒன்றில், கோயில் விருந்துக்குப் பாயசம் காய்ச்சும் ‘வார்ப்பு’ என்ற பிரமாண்டமான வெண்கலப் பாத்திரத்தைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். டன் கணக்கில் கனக்கும் அதில் பாயசம் காய்ச்சலாம், ஆனால் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போக முடியாது. உள்ளூர்ப் பட்டறைகளில் கேரவன் கட்டுபவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இதுதான். வீட்டு அலமாரி செய்த கை, கேரவனுக்கும் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டையே எடுக்கிறது. எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்று முப்பது கிலோவைத் தாண்டும். அதே அளவில் 6 மில்லிமீட்டர் பலகை பதினோரு கிலோ அளவில்தான் இருக்கும். சுற்றிலும் மெல்லிய அலுமினியச் சட்டம் கொடுத்தால் அலமாரிக் கதவுக்கு அது தாராளம். ஐந்து பலகை மாறினாலே நூறு கிலோ பக்கம் மிச்சம். எந்தச் சட்டையை வீட்டில் விட்டுப் போனாலும் நூறு கிலோ மிச்சமாகாது.

அமெரிக்காவில் இதை 1930களிலேயே கண்டுகொண்டார்கள். கிளைடர் விமானங்கள் வடிவமைத்த ஹாலி பவுலஸ் என்பவர் 1934இல் அலுமினியத் தகட்டில், விமான உடல் போலவே ஒரு கேரவனைக் கட்டினார். அந்த வழியில் வந்ததுதான் 1936இல் வாலி பையம் விற்ற ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர். அந்த வெள்ளி நிற உருண்டை வடிவம் இன்றும் பிரபலம். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். எஞ்சின் இல்லாமல் பறக்கும் விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் பதில் சொல்லிப் பழகிய ஒருவரின் சிக்கனம் அது.

சரி, மீதி 250 கிலோ எங்கே போகிறது? தண்ணீர்த் தொட்டியில் 60 லிட்டர், அதாவது 60 கிலோ. 14.2 கிலோ கேஸ் பிடிக்கும் வீட்டு சிலிண்டர், இரும்பையும் சேர்த்தால் முப்பது கிலோ. வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பது போன்ற 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஐம்பத்தைந்து கிலோவுக்குக் குறையாது. பக்கவாட்டில் விரிக்கும் துணிக் கூரை 25. மடக்கு மேசை, நாற்காலிகள் 20. பாத்திரங்கள் 20. அரிசி, எண்ணெய், தேங்காய் வகையறா 25. நான்கு பேரின் துணிமணி 40. ஜாக்கி, கருவிப் பெட்டி, ஒயர் 25. கூட்டினால் 300. குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி நான் இன்னும் பேசவே இல்லை. யாரோ எடுத்து வைத்த மாவு கிரைண்டரைப் பற்றியும்தான்.

இந்தப் பட்டியலில் துணிமணியின் மேல்தான் எல்லோரும் முதலில் கை வைக்கிறார்கள். வீட்டில் சண்டையும் அதில்தான் தொடங்குகிறது. ஆனால் பாரம் மேலே இருக்கும் மூன்று வரிகளில். ஈய அமில பேட்டரிக்குப் பதில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி போட்டால், 100 ஆம்பியர்-மணி அளவுக்குப் பன்னிரண்டு கிலோ ஒட்டித்தான் வரும். ஈய பேட்டரியில் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், லித்தியத்தில் கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கலாம். ஆக 150இன் வேலையை 100 செய்துவிடும். விலை அதிகம்தான், ஆனால் நாற்பது கிலோவுக்கு மேல் ஒரே திருகில் இறங்குகிறது. பெரிய சிலிண்டர் இருக்கும் இடத்தில் 5 கிலோ சின்ன சிலிண்டர் போதும். அரிசிக்கோ, மட்டாவா ஜெயாவா என்று ரகம் கேட்டு நிறுத்துத் தரும் கடை கேரளத்தில் முக்குக்கு முக்கு இருக்கிறது. மட்டாஞ்சேரியிலிருந்து மலைக்கு அரிசி சுமக்க வேண்டியதே இல்லை.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பட்டியலில் மிகப் பெரிய பாரமும் அதுதான், விடிகாலையில் வாங்கி மாலையில் கொட்டிவிடக் கூடியதும் அதுதான். கேரவன் பூங்காவில் குழாயும் மின் இணைப்பும் கழிவுநீர் வழியும் இருக்கும். பிறகு எதற்குக் கொச்சித் தண்ணீரை ஆயிரம் மீட்டர் உயரம் ஏற்றுவது? வழியில் கை கழுவ, டீ போடப் பத்து லிட்டர் போதும். கழிவுத் தொட்டி இருந்தால் அதையும் மறக்கக் கூடாது. நல்ல தண்ணீர்த் தொட்டி காலியாக ஆக, அது நிறைந்துகொண்டு வரும். எடை எங்கேயும் போகவில்லை, வண்டியின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இடம் மாறியிருக்கிறது.

இன்னொரு விஷயம், பாதித் தொட்டி. விளிம்பு வரை சாம்பார் நிறைந்து இறுக மூடிய பாத்திரத்தைக் கம்பில் தூக்கி நடக்கும்போது உள்ளே அசைவு குறைவு. பாதி நிறைந்ததைத் தூக்கி நடந்து சட்டென்று நின்றுபாருங்கள். பாத்திரம் நின்ற பிறகும் சாம்பார் நடந்துகொண்டிருக்கும். தொட்டியிலும் இப்படித்தான். வளைவில் திரும்பி நிமிரும்போது பாதித் தண்ணீர் ஒரு பக்கம் மோதி, தாமதமாக மறுபக்கம் வந்து மோதும். தடுப்புப் பலகை இல்லாத தொட்டியென்றால் ஒன்று நிறைத்துக்கொள்ள வேண்டும், அல்லது கிட்டத்தட்ட காலியாக வைக்க வேண்டும். இரண்டாவதே நல்லது.

இனி கம்பு. முன்னால் தோள் கொடுப்பவர் காரின் கொக்கி. பின்னால் தோள் கொடுப்பவர் கேரவனின் சக்கரம். கம்பு அவரோடு முடிந்துவிடாமல் அவருக்குப் பின்னாலும் நீண்டிருக்கிறது. செம்பு எங்கே தொங்க வேண்டும்? சக்கரக்காரரை ஒட்டி, அவருக்குச் சற்று முன்னால். அப்போது பெரும்பாரம் அவர் மேல் இருக்கும், முன்னவர் தோளில் கொஞ்சம் அழுத்தம் இருக்கும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில் உலகம் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் கேரவனின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். வேகம் குறைந்த, கார்கள் சிறிய ஐரோப்பாவில் 5 முதல் 7 சதவீதம். அங்கே பல கார்களின் கொக்கி 75, 100 கிலோவுக்கு மேல் ஏற்காது. உங்கள் காரின் கையேட்டில் இருக்கும் எண்தான் கடைசிச் சொல். கொக்கியில் அமரும் எடை காரின் சுமைக் கணக்கிலும் ஏறும், பின் சீட்டில் இன்னொரு ஆள் உட்கார்ந்ததைப் போல.

நம் கட்டை வண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வது இதைத்தான். பின்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்தை நுகத்தடி மேலே இழுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கேரவனில் அதன் விளைவு இன்னும் மோசம். ஒரு கணக்கு: கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே 3 மீட்டர். அச்சுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டரில், கடைசிச் சுவரை ஒட்டி, 20 கிலோ பெட்டியை வைக்கிறீர்கள். கொக்கியில் இருக்கும் எடை 10 கிலோ குறையும். சக்கரத்தில் 30 கிலோ கூடும். இருபது கிலோ பெட்டி எப்படி முப்பது கிலோ ஆனது? பின்னவரின் முதுகுக்குப் பின்னால் செம்பைத் தொங்கவிட்டால் முன்னவர் கம்பைக் கீழே அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த அழுத்தத்தையும் சேர்த்துப் பின்னவர்தான் சுமக்கிறார்.

கொக்கியில் அழுத்தம் போதாத கேரவன் நெடுஞ்சாலையில் வாலாட்டும். லாரி ஒன்று கடந்துபோகும் காற்றில் ஓர் அசைவு தொடங்கும். நல்ல வண்டியில் அது இரண்டு ஆட்டத்தில் அடங்கும், பின்பாரம் ஏறிய வண்டியில் ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் சோதனைக் கேரவனில் பாரங்களை இடம் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தவர்கள், கொக்கியில் அமரும் எடை, அச்சு இருக்கும் இடம், பாரம் எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்ற மூன்றும் வண்டியின் நிதானத்தைத் தீர்மானிப்பதைக் கண்டார்கள். மூன்றாவதைத்தான் நாம் மறக்கிறோம். முன்மூலையில் சிலிண்டர், பின்மூலையில் பேட்டரி. இரண்டும் சரிக்குச் சரி, கொக்கி எடையும் சரி. ஆனால் ஒரே செம்பை நடுவில் தொங்கவிட்டுக்கொண்டு மட்டாஞ்சேரிச் சந்தில் திரும்புவது வேறு, அதையே இரண்டு பாதிச் செம்புகளாக்கிக் கம்பின் இரு நுனிகளிலும் தொங்கவிட்டுத் திரும்புவது வேறு. திருப்பவும் கஷ்டம், திரும்பத் தொடங்கியதை நிறுத்தவும் கஷ்டம். அதனால் கனமானவை அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக இருக்க வேண்டும். நுனிகளுக்கும் மேல் அலமாரிகளுக்கும் தலையணை, ரொட்டி, துணி போதும்.

இடம் வலத்தையும் பார்க்க வேண்டும். அடுப்பு, பாத்திரம், குளிர்ப்பெட்டி எல்லாம் ஒரே சுவரில் இருந்தால் அந்தப் பக்க டயர்தான் மாட்டிக்கொள்ளும். டயரின் பக்கத்தில் 91 என்று சுமைக் குறியீடு போட்டிருந்தால் அது 615 கிலோ தாங்கும். இரண்டும் சேர்ந்தால் 1,230. நூறு கிலோ கூடுதலாக ஏற்றி, அதையும் பின்னால் அடுக்கி, கொக்கியில் 50 கிலோ மட்டும் விட்டால் அச்சில் 1,250 வந்துவிடும். இரண்டு டயரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டாலே எல்லை தாண்டிவிட்டது. மே மாத வெயிலில் அதன் முடிவு என்ன என்று லாரிக்காரர்களைக் கேளுங்கள்.

ஈராற்றுப்பேட்டையிலிருந்து வாகமண் ஏறுவது கார் எஞ்சினின் கவலை. இறங்குவது பிரேக்கின் கவலை. ஏறும்போது சேர்த்த உயரம் இறங்கும்போது வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். வாகமண் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். 1,200 கிலோ கேரவன் அங்கிருந்து கொச்சி மட்டத்துக்கு இறங்கும்போது விடும் ஆற்றலைச் சமையலறைக் கணக்கில் சொன்னால், நாற்பது லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் குழாய்ச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். ஒரு பெரிய செம்பு உலைநீர்! காற்றும் உருளும் டயரும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் இன்னொரு பங்கை ஏற்கும். மீதி முழுவதும் உள்ளங்கை அளவு பிரேக் கட்டைகளில் இறங்குகிறது. நீங்கள் கூட்டும் ஒவ்வொரு நூறு கிலோவும் அந்த உலையில் மூன்றரை லிட்டருக்கு மேல் சேர்க்கிறது. ஐரோப்பிய விதிப்படி 750 கிலோ வரையிலான இழுவை வண்டிக்குத் தனி பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் கட்டாயம். நம் மலைச் சாலைகளைப் பார்த்தவன் என்ற முறையில், 750க்குக் கீழேயும் பிரேக் இல்லாத கேரவனை நான் மலை ஏற்றமாட்டேன்.

இத்தனை எண்களும் ஊகமாக இருந்தால் பயனில்லை. எடை மேடைக்குப் போக வேண்டும். லாரிகள் நிற்கும் நெடுஞ்சாலை ஓரத்திலும் துறைமுகத்தை ஒட்டியும் எடை மேடைகள் உண்டு. சிறு கட்டணத்தில் சீட்டு அச்சடித்துக் கொடுப்பார்கள். உண்மையில் பயணம் போவது போலவே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போங்கள். கொக்கியைக் கழற்றிக் கேரவனை மட்டும் மேடையில் நிறுத்தினால் மொத்த எடை. கொக்கி மாட்டியபடியே கார் மேடைக்கு வெளியே, கேரவன் சக்கரம் மட்டும் மேடையில் என்று நிறுத்தினால் அச்சு எடை. இரண்டின் வித்தியாசம் கொக்கியில் அமரும் எடை. மேடைகள் ஐந்து, பத்து கிலோ படிகளில்தான் காட்டும் என்பதால் இந்தக் கடைசி எண்ணை வீட்டிலும் சரிபார்க்கலாம். கேரவன் மட்டமாக நிற்கும் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி, குளியலறை எடை மெஷினின் மேல் வைத்து, கொக்கி முனையை அதன்மேல் மெதுவாக இறக்கினால் முள் சொல்லிவிடும். மெஷினின் அளவு 120 கிலோவா 150ஆ என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்கவும் மறக்காதீர்கள்.

ஒருமுறை எடை போட்டால் போதாது என்பதற்குக் கொச்சியில் தனிக் காரணம் உண்டு. எடைக்குள் ஈரம் ஒளிந்திருக்கும் என்பதை மட்டாஞ்சேரி மிளகு வியாபாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலபார் கார்பிள்டு எனப்படும், சுத்தம் செய்த மிளகில் 11 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. லிட்டர் மிளகு எத்தனை கிராம் என்று பார்த்துத் தரம் பிரிப்பார்கள்; 500 கிராமைவிட 550 கிராம் மிளகுக்கு மதிப்பு அதிகம். அங்கே கனம் காசு, நமக்கு அதே கனம் நஷ்டம். ஆனி, ஆடி மழையில் நின்ற கேரவனின் பிளைவுட், மெத்தை, திரை எல்லாம் ஈரம் குடிக்கும். மழையில் நனைந்த துணிக் கூரையை அப்படியே சுருட்டி ஏற்றினால் எவ்வளவு கனக்கும் என்பதை அறிய கொச்சியின் ‘வெளி’ மைதானத்துத் தோபி கானா என்ற சலவைக்கூடத்துக்குப் போய், அங்கே தலைமுறைகளாகத் துவைக்கும் தமிழ்க் குடும்பங்கள் கையால் பிழிந்து வைத்த ஒரு போர்வையைத் தூக்கிப் பாருங்கள். கூரையில் ஊசித்துளை ஒழுக்கு இருந்தால் சுவருக்குள் சேரும் தண்ணீர் எந்தப் பட்டியலிலும் வராது. காரணம் தெரியாமல் எடை கூடினால் முதலில் ஒழுக்கைத் தேடுவதுதான் முறை.

இனி சட்டம். தலைச்சுமைத் தொழிலாளி தூக்கும் மூட்டைக்குக்கூடக் கேரளத்தில் சட்டம் எல்லை வைத்திருக்கிறது. 75 கிலோவாக இருந்தது 55ஆகக் குறைக்கப்பட்டது. வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவு: 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000, அதோடு கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையது. சோதனை போடுபவர்கள் கண்ணுக்கு மணல் லாரிதான் படும், குடும்பக் கேரவன் படாது என்று ஒரு தைரியம் நம்மில் உண்டு. ஆனால் விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரர் முதலில் கேட்கும் தாள்களில் ஆர்சி உண்டு, அதில் அந்த 1,200 அச்சாகியிருக்கும்.

பயணத்தில் வாங்கும் பொருளுக்குக் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்; இடம் என்றால் கிலோ. ஜூ டவுன் வழியாகப் போகிறவர்கள் வெண்கல உருளி ஒன்றையாவது தூக்காமல் வருவதில்லை. இருபது கிலோ உருளியைப் பின்கதவு வழியாக ஏற்றி அங்கேயே, கதவோரமாக வைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். பழைய போர்வையில் சுற்றி, அச்சுக்கு நேர் மேலே தரையில் கட்டிப் போடுங்கள். அன்றைக்குத் தொட்டியில் தண்ணீர் இருபது லிட்டர் குறைவாக இருக்கட்டும்.